நீ சுரண்டி வைத்த இடத்தில் நான் பூசிய வெள்ளி

எழுபத்தொரு ஆண்டும் என்னை "டேய்" என்று மட்டுமே அழைத்த என் அன்புக்குரிய அஞ்சலை அக்காவுக்கு,

இன்று நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நீ போனது கார்த்திகை பதின்மூன்று, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு. இன்றோடு முந்நூற்று முப்பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. மேரியில், அதாவது புதுச்சேரி நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவேட்டின் முன்னால் முப்பத்தொரு ஆண்டு உட்கார்ந்து எழுந்தவன் நாள் கணக்கில் தவற மாட்டான். மற்றவற்றில் தவறுவான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை வேறு சிலரும் படிப்பார்கள். படிக்கட்டும். உன்னிடம் தனியாகச் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். நான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். நான்கு பேர் நடுவில் சொன்னால் நீ கடைசி வரைக்கும் கேட்டாக வேண்டும்.

உன் ஸ்கூட்டரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நீ படுத்த நாளிலிருந்து பதினோரு மாதம் அது உன் வீட்டுப் பின்சந்தில் நின்றது. முத்தியால்பேட்டையில் உன் பின்சந்துக்கும் கடலுக்கும் இடையே நான்கு தெரு. உப்புக் காற்றுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, உன் மகள் செல்வி வந்து தார்ப்பாயை விலக்கினாள். டயர்கள் தரையோடு தரையாக அமர்ந்திருந்தன. எஞ்சினின் அலுமினியம் முழுவதும் மாவு தூவினாற்போல வெள்ளை பூத்திருந்தது.

"மாமா, ஒயிட் டவுன்ல ஒருத்தரு புதுசா கஃபே தெறக்கறாரு" என்றாள் அவள். "வாசல்ல நிறுத்த பழைய ஸ்கூட்டர் ஒண்ணு கேக்கறாரு. சீட்டு மேல பூந்தொட்டி வச்சு, டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுத்துக்கறதுக்கு."

"உங்கம்மா உக்காந்த எடத்துல பூந்தொட்டியா?"

"எனக்கு மட்டும் ஆசையா மாமா? நான் இருக்கறது ரெட்டியார்பாளையத்துல ரெண்டாவது மாடி. ஓடாத வண்டிய கீழ நிறுத்த அபார்ட்மென்ட்ல உட மாட்டாங்க. ஓடுச்சுன்னா நானே ஓட்டிக்கினு போறேன். ஓடலன்னா அங்கயாச்சும் நெழல்ல நிக்கட்டும். நவம்பர் ஒண்ணாந்தேதி பதில் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"ஓடும். நான் ஓட வைக்கிறேன்" என்று நான் சொன்னேன்.

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்க மாட்டாளா? வாழ்நாளில் ஒரு முறையும் வண்டியின் கைப்பிடியைத் திருகிப் பார்க்காதவன். உன் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போக்கா, மெதுவா போக்கா" என்று ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தவன். அந்த வாக்கு என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், நீ போன பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்திலிருக்கும் உன் வீட்டுக்குப் போவேன். திறக்காத எரிவாயுவை மூடிவிட்டு வருவேன். வந்ததும் சரியாக மூடினேனா என்று சந்தேகம் வரும், திரும்பப் போவேன். என் மனைவி மங்கை சில நாள் பார்த்தாள். பிறகு, "இவருக்கு யாராச்சும் ஒரு வேல குடுங்களேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். கிடைத்த வேலை உன் வண்டி.

அந்தோணிராஜை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது, இருபது ஆண்டாக உன் வண்டிக்கு அவர்தான் வைத்தியர். ஆகஸ்ட் நான்காம் தேதி, திங்கட்கிழமை, எஞ்சினை இறக்கிப் பிரித்தோம். அன்றே ஒப்பந்தமும் போட்டார்.

"சார், உள்ள நான் பாத்துக்கறேன். பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு எல்லாம் எம்பாடு. வெளிய கழுவறது, தேய்க்கறது, பெயின்ட்டு அடிக்கறது, திரும்ப மாட்டறது உங்க பாடு. எல்லைய ரெண்டு பேரும் தாண்டக் கூடாது."

"ஸ்குரு எல்லாம் கலந்துடாம பாத்துக்கணும்" என்றேன்.

"நீங்க இருக்கும்போது கலக்குமா சார்? ஸ்குருவுக்கே பயம் இருக்கும்."

ஒவ்வொரு ஸ்குருவையும் தனித்தனி உறையில் போட்டு, எங்கே இருந்தது, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கழற்றியது என்று எழுதி வைத்தேன். உறைகள் நூற்றுப் பதினான்கு. நீயாக இருந்தால் எல்லாவற்றையும் பவுடர் டப்பா மூடியில் அள்ளிப் போட்டிருப்பாய்; கடைசியில் இரண்டு மிஞ்சும்; "இதெல்லாம் தேவையில்லாததுடா" என்று தூக்கி எறிந்திருப்பாய்.

அக்கா, அந்த எஞ்சின் இருந்த நிலையை என்னவென்று சொல்வேன்! சிலிண்டரின் தகடு தகடான மடிப்புகளுக்கு இடையே எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அல்வாத் துண்டு போல இறுகியிருந்தது. மூங்கில் சிம்பை ஊசியாகச் சீவி, மடிப்புக்கு மடிப்பு விட்டு எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பல்துலக்கியால் தேய்த்து, டீசலில் அலசி, துணியால் ஒற்றி, மறுபடியும் தேய்த்தேன். மூன்றாம் நாள் மங்கை குளியலறையிலிருந்து கத்தினாள்.

"என் பிரஷ்ஷு எங்க?"

"பழசுன்னு நெனச்சேன்."

"போன ஞாயித்துக்கெழம வாங்குனதுங்க அது! வண்டிக்குப் பல்லு வெளக்கறவரு, எனக்கு ஒரு வேப்பங்குச்சி ஒடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

வெள்ளை பூத்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரம், பிறகு தண்ணீரில் நனைத்த மென்தாள். விசிறியை மூடும் தகரக் கூடு, கிளட்ச் மூடி, சக்கர மூடி, உதைக்கும் நெம்புகோல் என்று ஒவ்வொன்றாக உள்ளிருந்து வெள்ளிப் பளபளப்பு வெளியே வந்தது. முப்பத்து மூன்று ஆண்டு உழவர்கரைப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைச் சுமந்து சென்ற எஞ்சின். பெண் பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி டிரில் எடுத்த கையோடு, அதே அதட்டலில் இதையும் ஓட்டியிருக்கிறாய். கீறாத இடம் இல்லை. நெளியாத மூடி இல்லை. ஸ்குருவின் தலைகளைக்கூட ஒழுங்காக விட்டு வைக்கவில்லை நீ.

வண்ணம் அடிக்கும் வேலை செப்டம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை தொடங்கியது. சூடு தாங்கும் வெள்ளி வண்ணம். மெல்லிதாக மூன்று பூச்சு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஒரு முழு நாள் காய வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. நான் ஒரு மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை சக்கர மூடியின் நடுவில் பதிந்துவிட்டது. சுரண்டிவிட்டு மறுபடியும் பூசினேன். அன்றும் தொட்டேன். எழுதி வைத்த விதியை மீறாதவன் என்று பெயரெடுத்த மனிதன், ஒரு மூடி காயும் வரைக்கும் கையை மடக்கி வைத்துக்கொள்ள முடியாமல் மூன்று முறை பூசினேன் அக்கா. ஏன் அப்படித் தொட்டேன்? காய்ந்துவிட்டதா என்று பார்க்கவா, காயாமல் இன்னும் கொஞ்சம் வேலை மிச்சமிருக்கட்டும் என்றா?

மாடியில் வெயிலுக்கு வைத்தேன். மங்கை மேலே ஏறி வந்து பார்த்தாள். "வத்தல் காயப்போடற எடத்துல வண்டி காயுது. நாளைக்கு எதத் தாளிச்சுப் போடறது?" என்றாள். ஆயுத பூசையன்று, அக்டோபர் ஒன்று, புதன்கிழமை, வண்டி என்று ஒன்று இல்லை. செய்தித்தாளின் மேல் பரப்பிய நாற்பது உறுப்புகள்தாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் அவற்றைத் துடைக்க அரை நாள் பிடித்தது.

இனி நான் செய்த தவற்றுக்கு வருகிறேன்.

எஞ்சின் உடம்பின் பக்கவாட்டில், பிளக்குக்கு மின்பொறி அனுப்பும் 'காயில்' என்ற கம்பிச்சுருள் உட்காரும் இடத்துக்கு அருகே, எட்டணாக் காசு அளவுக்கு ஓர் இடம் கன்னாபின்னாவென்று சுரண்டப்பட்டிருந்தது. எதேச்சையாக விழுந்த கீறல் இல்லை. ஆண்டுக்கணக்கில், ஸ்குரு டிரைவர் நுனியால், மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாகப் பறண்டிய பள்ளம். அதைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது. ஒரு ஐப்பசி மழையில், பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றுபோனது. நீ இறங்கி, பக்க மூடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் மழையை மறைத்துக்கொண்டு உள்ளே எதையோ கரகரவென்று சுரண்டினாய்.

"என்னக்கா செய்யிற?" என்று கேட்டேன்.

"அதுக்கு முதுவு சொறிஞ்சு உடறேன். நீ கொடையப் புடிடா."

மூடியைப் போட்டு ஓர் உதை உதைத்தாய். வண்டி கிளம்பிவிட்டது. நான் அதை உன் விளையாட்டுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கோபம் வந்தால் மூடியைக் குதிகாலால் உதைப்பாய் அல்லவா, அதைப் போல இதுவும் ஒரு முரட்டுத்தனம் என்றுதான் நினைத்தேன்.

ஆகையால் அந்தப் பள்ளத்தை அடைத்தேன். இரண்டு குழாய்ப் பசையைக் கலந்தால் கல்லாக இறுகும் உலோகப் பட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை வைத்து நிரப்பி, நான்கு நாள் தேய்த்து, கண்ணாடி போலச் சமமாக்கி, அதன் மேல் வெள்ளி பூசினேன். அந்த இடத்தில் இறுகும் சிறு ஸ்குருவுக்கும் புதிதாக ரப்பர் வளையம் போட்டு, துருப்பிடிக்காமலிருக்க மரை முழுவதும் அரக்கு தடவினேன். செப்டம்பர் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை, நோட்டுப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அக்காவின் கீறல் சரிசெய்யப்பட்டது."

அக்டோபர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, உன் பின்சந்தில் வைத்தே எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். நூற்றுப் பதினான்கு உறையும் காலி, ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தோணிராஜ் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"சார், இதுல உக்கார பயமா இருக்கு. மாப்பிள்ள ஊர்வலத்துக்கு விடலாம்."

உதைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் உதைத்தார். நாற்பது உதை வரைக்கும் நான் எண்ணினேன். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் வைத்துப் பார்த்தார், பொறி இல்லை. பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், வயரை மாற்றினார். திங்கட்கிழமை முழுவதும் போயிற்று. செவ்வாய் மழை. வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் பரிசோதனைக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். தள்ளிக்கொண்டு வரும் வண்டியைப் பார்க்க மாட்டார்கள், தானாக ஓடி வந்தால்தான் புதுப்பிப்பார்கள். புதன்கிழமை காலை பட்டறை பூட்டியிருந்தது. கைப்பேசியில் அழைத்தேன்.

"சார், கல்லறையில இருக்கேன். ஞாயித்துக்கெழம கல்லறத் திருநாள் இல்ல? எங்கப்பனுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். அடிச்சா மழ கழுவுது, அடிச்சா மழ கழுவுது. நாளைக்கு வர்றேன்."

"நாளைக்குன்னா நாளைக்கு மறுநாள் பரிசோதன, அந்தோணி!"

"உங்கக்கா வண்டி காத்திருக்கும் சார். எங்கப்பன் காத்திருக்க மாட்டாரு. கோவக்காரரு."

அன்று மாலை செல்வி வந்தாள். கஃபேக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டாராம். பூந்தொட்டிகூட வாங்கிவிட்டாராம். நான் உதை நெம்புகோலின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முழங்கால் வலித்தது, நானும் உதைத்துப் பார்த்திருந்தேன்.

"போதும் உடுங்க மாமா. எவ்ளோ அழகா பண்ணியிருக்கீங்க. அங்க நின்னா நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கறதுக்கா பண்ணேன்?"

"பின்ன எதுக்குப் பண்ணீங்க?" என்று கேட்டாள். அதட்டிக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மூன்று மாதம் தேய்த்ததெல்லாம் அந்தப் பூந்தொட்டிக்குப் பீடம் கட்டத்தானா? அப்படியே அவள் கேட்டிருந்தாலும் நான் இல்லை என்று சத்தியம் செய்திருக்க முடியாது.

வியாழக்கிழமை, அக்டோபர் முப்பது, மாலை மூன்றரை மணிக்கு அந்தோணிராஜ் வந்தார். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வயர் போகும் வழியை விரலால் தொடர்ந்து பார்த்தார். பிறகு ஒரு முழம் கம்பியை எடுத்து, ஒரு முனையைக் காயிலிலும் மறு முனையைப் பூசாத ஓர் இரும்பிலும் பிடித்துக்கொண்டு, "உதைங்க சார்" என்றார். உதைத்தேன். பிளக்கின் நுனியில் நீலமாகச் சொடுக்கியது.

"எர்த்து இல்ல சார்" என்றார். "கரண்ட்டு வர்ற வழி இருக்கு, திரும்பிப் போற வழி இல்ல. எஞ்சின் ஒடம்பு வழியாத்தான் அது திரும்பணும். இங்க ஒரு எடம் சொரண்டி வச்சிருக்குமே, அது எங்க?"

நான் அந்தக் கண்ணாடிப் பூச்சை விரலால் காட்டினேன்.

"டீச்சரக்கா வருசா வருசம் மழைக்கு முன்னாடி சொரண்டுவாங்க சார். கடல் காத்துல வெள்ள பூத்துடும் இல்ல? பூத்துட்டா கரண்ட்டு புடிக்காது. பச்ச அலுமினியம் தெரியற வரைக்கும் சொரண்டணும். நான் செஞ்சு தர்றேன்னாகூட உட மாட்டாங்க. 'நீ பூனை மாதிரி சொரண்டற, போடா'ன்னுவாங்க."

"அது கீறல்னு நெனச்சு அடச்சுட்டேன்" என்றேன்.

அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கம்பெனியிலேருந்து எறங்குன மாதிரி இருந்துச்சு சார். அதான் எனக்குச் சந்தேகமே வரல. ரெண்டு நாளா பிளக்க மாத்தறேன், காயில மாத்தறேன். பெயின்ட்டு அடிக்கத் தெரியாதவன் அடிச்சிருந்தா அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பேன்!"

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஐப்பசி மழை இல்லை அக்கா. நீ படுத்திருந்த மூன்று மாதம். "வாரத்துக்கு ஒரு தடவ வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைடா" என்று சொல்லியிருந்தாய். எனக்கு உதைக்கப் பயம்; யாரையும் அழைத்து உதைக்கச் சொல்லவும் கூச்சம். ஞாயிறுதோறும் போய்த் துடைத்தேன். நீ கேட்டபோது, "தொடச்சு வச்சிருக்கேங்க்கா" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டே, "தொடச்சா ஓடுமாடா?" என்று கேட்டாய். பதிமூன்று ஞாயிறு. பதிமூன்று முறை நான் துடைத்தேன். ஒரு முறையும் உதைக்கவில்லை. அன்றைக்கே நின்றுபோன வண்டியைத்தான் செல்வி தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். நீ அதை அறிந்திருந்தாயா? அறிந்தும் என்னைத் திட்டாமல் விட்டாயா?

அந்தோணிராஜ் ஸ்குரு டிரைவரை எடுத்தார். நான் கையை நீட்டினேன். ஒப்பந்தப்படி வெளியே உள்ளது என் பாடு.

நான்கு நாள் தேய்த்துக் கண்ணாடியாக்கிய இடத்தில் முதல் கீறலைப் போடுவது எளிதாக இல்லை. கை வழுக்கியது. பட்டி கல்லாக இறுகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்தது. அந்தோணிராஜ், "போதும் சார், போதும் சார்" என்றார். நான் நிறுத்தவில்லை. மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக, பக்கத்து வண்ணமெல்லாம் செதில் செதிலாகப் போகும்படி சுரண்டினேன். ஸ்குருவின் அரக்கையும் சுரண்டினேன். ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எறிந்தேன். வியர்வை கண்ணில் வழிந்தது. எழுந்து நின்று, அவர் உதைப்பதற்கு முன் நானே உதைத்தேன்.

மூன்றாம் உதையில் கிளம்பிவிட்டது. நீலப் புகை சந்து முழுவதும் நிறைந்தது. எதிர்வீட்டில் துணி உலர்த்தியிருந்தவர்கள் திட்டினார்கள். மங்கை கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். வந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், உன் வீட்டு வாசல் பக்கம் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மணி நான்கு பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை செல்வி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். பரிசோதனைக்கு வந்த அதிகாரி வண்டியின் உடம்பில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். விளக்கைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். கடைசியில் பக்க மூடியைத் திறந்து குனிந்தவர், உச்சுக்கொட்டினார்.

"எல்லாம் நல்லா பண்ணிட்டு இங்க மட்டும் இப்படி விட்டுட்டீங்களே. கொஞ்சம் டச்சப் பண்ணிடுங்க சார்."

அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு, மேலதிகாரி சொன்ன திருத்தம் எதையும் நான் மறுத்ததில்லை. "அது அப்படித்தான் இருக்கணுங்க" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நேற்றுச் சனிக்கிழமை கஃபேக்காரருக்குச் செல்வி பதில் சொல்லிவிட்டாள். அவர் வேறொரு சைக்கிளைப் பிடித்துவிட்டாராம். பூந்தொட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. வண்டி ரெட்டியார்பாளையத்துக்குப் போய்விட்டது.

நேற்று இரவெல்லாம் நல்ல மழை. இன்று காலை ஆறு மணிக்கு விழித்தேன், செய்வதற்கு ஒன்றுமில்லை. மூங்கில் சிம்பு இல்லை, உப்புத்தாள் இல்லை, காய வைக்க ஒன்றும் இல்லை. இரண்டு முறை பின்சந்துக்குப் போய் வந்தேன். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஏழரைக்கு ஒரு பழந்துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். மங்கையிடம் காய்கறி வாங்கப் போவதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வண்டி மற்ற வண்டிகளுக்கு நடுவே நின்றது. அக்கா, சக்கரம் முதல் விசிறிக் கூடு வரைக்கும் செஞ்சேறு! நான் மூன்று முறை பூசிய சக்கர மூடியின் மேல் யாரோ ஹெல்மெட்டால் இடித்து ஒரு வெள்ளிச் செதிலைப் பெயர்த்திருந்தார்கள். அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியிருந்தது. நான் துணியை எடுத்துவிட்டேன். குனிந்தும் விட்டேன்.

"மாமா! கைய எடுங்க!"

இரண்டாவது மாடியிலிருந்து செல்வி. பக்கத்து வீடுகளின் சன்னல்கள் இரண்டு திறந்தன. நான் துணியோடு நிமிர்ந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை போல.

அவள் பையோடு இறங்கி வந்தாள். "மீன் வாங்கப் போறேன். வர்றீங்களா? வந்தா சேறு ஒட்டும், சொல்லிட்டேன்."

ஏறி உட்கார்ந்தேன். விழுப்புரம் சாலையில் தண்ணீர் தேங்கிய பள்ளங்களை அவள் சுற்றிப் போகவில்லை, நடுவிலேயே விட்டாள். என் வெள்ளை வேட்டி முழங்கால் வரைக்கும் செம்மண்ணாயிற்று. எஞ்சின் கீழே கத்திக்கொண்டே வந்தது. அவள் ஏதோ கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை, ஆமாம் என்று சொன்னேன்.

நாளை திங்கட்கிழமை. நாளைக்கு இந்தக் கைகளை என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அக்கா. அந்த வண்டி அழுக்காகட்டும், செதில் உதிரட்டும், நெளியட்டும். செல்வி கூப்பிட்டால் போவேன்; கூப்பிடாமல் போக மாட்டேன். போனால் துணி எடுத்துக்கொண்டு போக மாட்டேன். "மெதுவா போ" என்று சொல்லாமலிருப்பேன் என்று மட்டும் என்னால் வாக்குத் தர முடியாது. உனக்கும் தந்ததில்லை.

சேற்று வேட்டியை இன்னும் மாற்றாமல் இதை எழுதிக்கொண்டிருக்கும்,
உன் கூடப்பிறந்த தம்பி,
கோவிந்தசாமி
முத்தியால்பேட்டை, புதுச்சேரி